புதிய கிராஃபிக்ஸ் கார்டுகள்: விலைப் போட்டி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை?

2025 ஜனவரி 6 அன்று லாஸ் வேகாஸ் சிஇஎஸ் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையை அறிமுகப்படுத்தினார். 5090-க்கு 1,999 டாலர், 5080-க்கு 999, 5070 டிஐ-க்கு 749, 5070-க்கு 549 என்று விலைகள் அறிவிக்கப்பட்டன. இதில் இணையம் முழுக்கப் பரவியது கடைசி எண்தான். முந்தைய தலைமுறையின் உச்சமான 4090-இன் திறனை 549 டாலருக்கே 5070 தரும் என்றார் ஹுவாங். 1,599 டாலர் கார்டின் வேலையை மூன்றில் ஒரு பங்கு விலையில் செய்யும் கார்டு என்றால், அது போட்டியாளர்களை ஒரே அடியில் காலி செய்யும் விலை அல்லவா?

அப்படித்தான் அன்று பலரும் நினைத்தார்கள். 4090 வைத்திருந்த சிலர் அவசரப்பட்டு அதை விற்கவும் கிளம்பினார்கள். விற்காதவர்கள் பிழைத்தார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தில் என்ன ஒளிந்திருந்தது?

அது டிஎல்எஸ்எஸ் 4-இன் 'மல்டி ஃபிரேம் ஜெனரேஷன்' வசதியை நம்பிச் சொல்லப்பட்ட கணக்கு. விளையாட்டு உண்மையாகக் கணக்கிட்டு வரையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடவே, ஏஐ ஊகித்து வரையும் மூன்று ஃபிரேம்கள் வரை இடையில் செருகப்படும். 4090-இல் இதே உத்தி உண்டு, ஆனால் ஒரு ஃபிரேமைத்தான் செருக முடியும். ஆக, திரையின் மூலையில் ஓடும் எண் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாக வரலாம். படம் வழுக்கிக்கொண்டு ஓடுவது போலவும் தெரியும். ஆனால் மவுஸை அசைத்தால் விளையாட்டு எவ்வளவு வேகமாகப் பதில் தருகிறது என்பதைத் தீர்மானிப்பது அந்த உண்மையான ஃபிரேம்கள்தான். அதை ஏஐ கூட்டித் தராது. நினைவகத்திலும் 12 ஜிபி எங்கே, 24 ஜிபி எங்கே!

மார்ச் மாதம் கார்டு கைக்கு வந்து, செருகிய ஃபிரேம்கள் இல்லாமல் சோதித்தபோது, 5070 போய் நின்ற இடம் 4070 சூப்பருக்குப் பக்கத்தில். அது ஓராண்டுக்கு முன்பே 599 டாலருக்கு வந்த கார்டு. 50 டாலர் குறைவுக்கு அதே திறன் கிடைப்பது மோசமில்லை. ஆனால் மேடையில் சொன்ன கதை அதுவல்ல.

ஒரு கார்டின் விலை 'போட்டிக்கு ஏற்ற விலையா' என்று கேட்டால், முதலில் எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். நிறுவனங்கள் தங்கள் பழைய கார்டோடு ஒப்பிட விரும்பும். அதுவும் தங்களுக்குச் சாதகமான அமைப்பில். காசு கொடுக்கிறவர் ஒப்பிட வேண்டியது, அதே பணத்துக்கு அதே நாளில் கடையில் கிடைக்கும் இன்னொரு நிறுவனத்தின் கார்டோடு. அப்படி ஒப்பிட்டால் இந்தத் தலைமுறை இரண்டாகப் பிளந்து கிடப்பது தெரியும். 750 டாலருக்குக் கீழே போட்டி இருக்கிறது. அதற்கு மேலே இல்லவே இல்லை.

உச்சியில் யாரும் இல்லை

2024 செப்டம்பரில் ஏஎம்டி-யின் கிராஃபிக்ஸ் பிரிவுக்குப் பொறுப்பான ஜாக் ஹுயின் ஒரு பேட்டியில், உச்ச ரக கார்டைத் துரத்துவதைவிடச் சந்தைப் பங்கைப் பெருக்குவதே முன்னுரிமை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அதன்படியே 2025 மார்ச்சில் வந்த ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி-தான் அந்த வரிசையின் தலை. இன்டெல்லின் ஆர்க் பி580 அதற்கும் கீழே, 249 டாலர் வகையறா. ஆகவே 5090-க்கும் 5080-க்கும் எதிரே நிற்க ஆளே கிடையாது.

ஆளில்லாத இடத்தில் விலை எப்படி ஏறும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 2017-இல் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ 699 டாலர். 2018-இல் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ 999-இல் ஆரம்பித்தது, என்விடியாவின் சொந்தப் பதிப்பு 1,199. 2020-இல் 3090 வந்தபோது 1,499. 2022-இல் 4090-க்கு 1,599. இப்போது 1,999. கடைசித் தாவலை மட்டும் எடுத்துக்கொண்டால் விலை 25 சதவீதம் கூடியிருக்கிறது. 4கே விளையாட்டுகளில் திறன் கூடியது சுமார் 30 சதவீதம். மின்சாரம் 450 வாட்டிலிருந்து 575 வாட், அதாவது 28 சதவீதம் அதிகம். இரண்டேகால் ஆண்டு காத்திருந்த பிறகும் ஒரு டாலருக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட அதேதான். 32 ஜிபி நினைவகம் கூடுதல், அது ஏஐ மாடல்களை வீட்டில் ஓட்டுபவர்களுக்கு நிஜமாகவே பெரிய விஷயம். கேமருக்கு அவ்வளவு இல்லை.

ஆனால் 5090-ஐப் பற்றிப் புலம்பிப் பயனில்லை. அந்த விலைக்கு வாங்குகிறவர் விலையைப் பார்த்து வாங்குவதில்லை. உறுத்த வேண்டியது 5080.

கார்டின் சிப்பில் கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகளை என்விடியா 'கூடா கோர்' என்கிறது. 2020-இல் 3090-இல் இருந்தவை 10,496. அதற்கு அடுத்த படியான 3080-இல் 8,704. அதாவது உச்சத்தின் 83 சதவீதம், விலையோ பாதிக்கும் குறைவு, 699 டாலர். 2022-இல் 4090-க்கு 16,384 என்றால் 4080-க்கு 9,728, உச்சத்தின் 59 சதவீதம். இப்போது 5090-க்கு 21,760. 5080-க்கு 10,752. பாதிகூட இல்லை! '80' என்ற எண் அப்படியே இருக்கிறது, அந்த எண்ணுக்குள் இருக்கும் சரக்கு சுருங்கிக்கொண்டே வருகிறது. பிஸ்கட் பாக்கெட் விலை மாறாமல் உள்ளே இரண்டு பிஸ்கட் குறைவது மாதிரி. 4080 சூப்பரை வைத்திருந்த ஒருவர் 5080-க்கு மாறினால் கிடைக்கும் வேக அதிகரிப்பு 10 முதல் 15 சதவீதம்தான்.

இதற்கு என்விடியா தரப்பில் சொல்லக்கூடிய நியாயம் ஒன்று உண்டு. 3080 சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது, ஒப்பீட்டளவில் மலிவு. 40, 50 வரிசைகள் தைவானின் டிஎஸ்எம்சி-யில், மிகவும் விலை கூடிய முறையில் தயாராகின்றன. பணவீக்கமும் இருக்கிறது. 2020-இன் 699 டாலர் 2025 மதிப்பில் ஏறத்தாழ 850 ஆகும். ஏற்றுக்கொள்ளலாம். இருந்தாலும் 850-க்கும் 999-க்கும் இடையிலுள்ள இடைவெளியையும், 83 சதவீதம் 49 ஆனதையும் இந்த நியாயம் மட்டும் விளக்காது.

போட்டி இருந்தால் விலை இறங்குமா? இறங்கும், பார்த்திருக்கிறோம்

2019 ஜூலையில் நடந்தது நல்ல உதாரணம். ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி-யை 449 டாலருக்கு விற்கப் போவதாக ஏஎம்டி அறிவித்திருந்தது. கார்டு கடைக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பு என்விடியா 2060 சூப்பரை 399-க்கும் 2070 சூப்பரை 499-க்கும் அறிவித்தது. உடனே ஏஎம்டி, ஒரு கார்டுகூட விற்பதற்கு முன்பே, தன் விலையை 399 ஆக்கியது. ஒரே வாரத்தில் வாங்குகிறவருக்கு 50 டாலர் மிச்சம்.

2022-இல் இன்னும் சுவாரசியமான கூத்து. 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என்று இரண்டு கார்டுகளை அறிவித்தது என்விடியா. உள்ளே இருந்த சிப்பே வேறு வேறு. ரசிகர்கள் கொதித்ததும் 899 டாலர் 12 ஜிபி கார்டை வெளியிடாமலே வாபஸ் வாங்கி, அடுத்த ஜனவரியில் 4070 டிஐ என்று பெயர் மாற்றி 799-க்கு விற்றார்கள். மீதமிருந்த 4080-க்கு 1,199 டாலர். எதிரே ஏஎம்டி-யின் 7900 எக்ஸ்டிஎக்ஸ் 24 ஜிபி நினைவகத்துடன் 999-க்கு வந்து நின்றது. 4080 விற்பனை மந்தம். 2024 ஜனவரியில் 4080 சூப்பர் சற்றே கூடுதல் திறனோடு 999-க்கு வந்தது. 200 டாலர் இறங்க ஓராண்டுக்கு மேல் ஆனது, ஆனாலும் இறங்கியது.

இந்தப் பின்னணியில் 50 வரிசையின் விலைப் பட்டியலை மறுபடி பாருங்கள். ஏஎம்டி வராத உச்சியில் 400 டாலர் ஏற்றம். 5080-இல் மாற்றமில்லை. ஏஎம்டி வரப் போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் மட்டும், 4070 டிஐ சூப்பர் 799-க்கு விற்ற படிநிலையில் 5070 டிஐ 749-க்கு வந்தது. தற்செயல் என்று சொல்வது கஷ்டம்.

உண்மையான பந்தயம்: 749-க்கு எதிராக 599

ஏஎம்டி-யும் இந்த முறை கொஞ்சம் புத்தியோடு ஆடியது. சிஇஎஸ் நடந்த அதே நாளில் மேடை ஏறியும், 9070 பற்றி வாய் திறக்கவில்லை. என்விடியா தன் சீட்டைக் காட்டட்டும் என்று காத்திருந்து, பிப்ரவரி 28 அன்றுதான் விலையைச் சொன்னது. 9070 எக்ஸ்டி 599, சாதா 9070 549. மார்ச் 6 விற்பனை.

ஏஎம்டி விலை வைக்கும் முறைக்குக் கேமர்கள் மத்தியில் 'என்விடியா கழித்தல் 50' என்று கிண்டல் பெயரே உண்டு. 2020-இல் 3080-க்கு 699 என்றால் 6800 எக்ஸ்டி-க்கு 649 வைத்த வழக்கம் அது. 50 டாலருக்காக டிஎல்எஸ்எஸ்-ஐயும் நல்ல ரே டிரேசிங்கையும் விட்டுக்கொடுக்க யாரும் தயாராக இல்லை, ஏஎம்டி-யின் பங்கு தேய்ந்துகொண்டே போனது. இந்த முறை கழித்தது 150. அதாவது 20 சதவீதம்.

திறனில் வித்தியாசம் அவ்வளவு இல்லை. சாதாரண முறையில் ஓடும் விளையாட்டுகளில் 9070 எக்ஸ்டி, 5070 டிஐ-யைவிட ஐந்து சதவீதம் அளவுக்குத்தான் பின்தங்குகிறது. சில விளையாட்டுகளில் முந்தவும் செய்கிறது. இரண்டிலும் 16 ஜிபி நினைவகம். மின் தேவையும் 304 வாட், 300 வாட் என்று ஏறக்குறைய ஒன்று. சிப்பின் அளவுகூட 357, 378 சதுர மில்லிமீட்டர் என்று பக்கத்தில் பக்கத்தில். என்விடியா புதிய ஜிடிடிஆர்7 நினைவகம் போட்டிருக்கிறது, ஏஎம்டி பழைய, விலை குறைந்த ஜிடிடிஆர்6. அதனால்தான் 599-க்குத் தர முடிந்தது என்றும் சொல்லலாம்.

ரே டிரேசிங் கனமாக இருக்கும் விளையாட்டுகளில் இடைவெளி விரியும். ஒளியின் பாதை முழுவதையும் கணக்கிடும் பாத் டிரேசிங் போனால் என்விடியா வெகுதூரம் முன்னால். படத்தைக் கூர்மையாக்கிப் பெரிதாக்கும் வேலையில் ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர் 4, முந்தைய பதிப்புகளைவிடப் பெரிய பாய்ச்சல், ஆனால் வந்தபோது அதை ஏற்ற விளையாட்டுகள் குறைவு. டிஎல்எஸ்எஸ் ஏறக்குறைய எங்கும் இருக்கிறது.

கேமிங்குக்கு வெளியே கதை வேறு. பிளெண்டரில் 3டி வேலை செய்பவர், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்க்கும் பொறியியல் மாணவர் ஆகியோர் பயன்படுத்தும் மென்பொருள்கள் பெரும்பாலும் என்விடியாவின் கூடா தளத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஏஎம்டி-யிலும் ஓடும், ஆனால் சில இடங்களில் மல்லுக்கட்ட வேண்டும், சில இடங்களில் வேகம் குறையும். அவர்களுக்கு அந்த 150 டாலர் வரி மாதிரி. பிடிக்காவிட்டாலும் கட்டித்தான் ஆக வேண்டும். விளையாட மட்டும் வாங்குகிறவருக்கு, அறிவித்த விலையில் கிடைத்தால், 9070 எக்ஸ்டி-தான் இந்தத் தலைமுறையின் நேர்மையான விலை.

'கிடைத்தால்'... அங்கேதான் சிக்கல்.

பேப்பரில் ஒரு விலை, கடையில் ஒரு விலை

9070 எக்ஸ்டி முதல் நாளே சில மணி நேரத்தில் தீர்ந்தது. 599 டாலர் மாடல்கள் போன பிறகு அமெரிக்காவில் கிடைத்தவை 700-ஐத் தாண்டின. 749 டாலர் 5070 டிஐ, 800-க்கு மேலே மாதக்கணக்கில் நின்றது. 5090-ஐ 3,000 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. ஆண்டின் பிற்பாதியில்தான் நடுத்தர கார்டுகள் அறிவிப்பு விலையை நெருங்கின.

இதில் யார் குற்றவாளி என்று விரல் நீட்டுவது சுலபமல்ல. 5070 டிஐ-க்கு என்விடியா சொந்தப் பதிப்பு வெளியிடவில்லை, 9070 எக்ஸ்டி-க்கு ஏஎம்டி-யும் வெளியிடவில்லை. எல்லாம் ஆசுஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ, சஃபயர் போன்ற கூட்டாளி நிறுவனங்கள் கையில். சிப்பையும் நினைவகத்தையும் வாங்கி, பலகை செய்து, மின்விசிறி மாட்டி, அறிவிப்பு விலைக்கே விற்றால் அவர்களுக்கு மிஞ்சுவது சொற்பம். கொஞ்சம் பெரிய ஹீட்சிங்க், கொஞ்சம் எல்இடி விளக்கு, 'ஓசி' என்று ஒரு ஒட்டு, விலை 100 டாலர் மேலே. 2022-இல் என்விடியாவின் மிக நெருங்கிய கூட்டாளிகளில் ஒன்றான இவிஜிஏ, கிராஃபிக்ஸ் கார்டு தொழிலே வேண்டாம் என்று வெளியேறியது.

இன்னொரு காரணம் பெரியது. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்த வருவாய் 130.5 பில்லியன் டாலர். அதில் டேட்டா சென்டர் பிரிவு மட்டும் 115.2 பில்லியன். கேமிங் 11.35 பில்லியன், பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டு வகைச் சிப்புகளும் டிஎஸ்எம்சி-யின் ஒரே குடும்பத்து உற்பத்தி வரிசைகளில்தான் தயாராகின்றன. ஒரு சிப்புக்குப் பல மடங்கு பணம் தரும் வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது, கேமருக்காக விலையைக் குறைத்துச் சண்டை போட என்ன அவசரம்? தனி கிராஃபிக்ஸ் கார்டு சந்தையில் 2025 முதல் காலாண்டில் என்விடியாவின் பங்கு 90 சதவீதத்துக்கு மேல் என்கிறது ஜான் பெடி ரிசர்ச் நிறுவனம்.

இந்தியாவில் அநியாய விலையா?

'அமெரிக்காவில் 749 டாலர், அதாவது 64 ஆயிரம்தான். இங்கே மட்டும் ஏன் 80 ஆயிரம்?' என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். என்விடியா இந்தியாவுக்கு அறிவித்த ஆரம்ப விலைகள்: 5090-க்கு 2,14,000 ரூபாய், 5080-க்கு 1,07,000, 5070 டிஐ-க்கு 80,000, 5070-க்கு 59,000. அன்றைக்கு டாலர் சுமார் 86 ரூபாய். 749 டாலர் என்பது 64,414 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 76,000. அறிவித்தது 80,000. ஐந்து சதவீத வித்தியாசம், அவ்வளவுதான். மற்ற மூன்று கார்டுகளுக்கும் இதே விகிதம் வருகிறது. அமெரிக்க விலையில் அந்தந்த மாநில வரி சேர்க்கப்படுவதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆக, அறிவிப்பு விலையில் பெரிய அநியாயம் இல்லை. ஆனால் சென்னை ரிச்சி தெருவிலோ டெல்லி நேரு பிளேஸிலோ போய் நின்றால் அந்த 80,000 ரூபாய் கார்டு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருப்பது பெரும்பாலும் கூட்டாளி நிறுவனங்களின் மேல்தட்டு மாடல்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கையில் கொண்டுவரச் சொல்பவர்கள், அந்த மாடலின் வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. லட்ச ரூபாய் பொருள் பழுதானால் மிச்சம் பிடித்த பத்தாயிரம் ஆறுதல் தராது.

விலைச் சீட்டில் இல்லாத செலவுகளும் உண்டு. 5090-க்கு 1,000 வாட் பவர் சப்ளை வேண்டும் என்கிறது என்விடியா. 9070 எக்ஸ்டி, 5070 டிஐ இரண்டுக்கும் 750 வாட் போதும், பலர் வீட்டில் ஏற்கெனவே இருப்பது. தினம் நாலு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் 5090 மட்டும் மாதம் 69 யூனிட் இழுக்கும். 9070 எக்ஸ்டி-க்கு 36 யூனிட்தான். அறைக்கு ஏசி போட்டு அந்தச் சூட்டைத் தணிக்கும் செலவு தனி.

ஏற்கெனவே 3080, 6800 எக்ஸ்டி அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவர்கள் 1440பி திரையில் விளையாடினால் அவசரமே இல்லை. அதைவிடப் பழைய கார்டு வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியது மாடல் எண்ணை அல்ல. தாங்கள் விளையாடும் நாலைந்து விளையாட்டுகளில், செருகிய ஃபிரேம்கள் இல்லாமல், எத்தனை ஃபிரேம் வருகிறது என்று பார்த்து, கடை சொல்லும் விலையை அதால் வகுத்தால் போதும். 9070 எக்ஸ்டி-க்கும் 5070 டிஐ-க்கும் கடையில் ஐந்து சதவீதம்தான் வித்தியாசம் என்றால் என்விடியா பக்கம் சாய்வதில் தப்பில்லை. 15 சதவீதத்துக்கு மேல் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஏஎம்டி.

காத்திருந்தால் இறங்குமா என்றால், வழக்கமாக ஆம் என்று சொல்லிவிடலாம். இந்த முறை அப்படிச் சொல்ல முடியவில்லை. 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்காக நினைவகச் சிப்புகளுக்கு ஏற்பட்ட கிராக்கியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், பொது நுகர்வோருக்கு விற்றுவந்த குரூஷியல் ரேம், எஸ்எஸ்டி தொழிலை 2026 பிப்ரவரிக்குப் பிறகு நிறுத்துவதாக அறிவித்தது. கிராஃபிக்ஸ் கார்டுக்கான நினைவகத்தைச் செய்து தருபவர்களும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற இதே மூவர்தான். 16 ஜிபி கார்டின் அடுத்த விலையை ஏஎம்டி-யும் என்விடியாவும் மட்டும் உட்கார்ந்து தீர்மானிக்கப் போவதில்லை.